தறியா, பள்ளிக்கூடமா, சென்னையா?

என் அக்காள் மகன் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் இந்த ஆண்டு படிப்பை முடித்தான். ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கேன்வாஸ்களுடன் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன், "மாமா, எந்த வேலைக்குப் போனால் நான் படம் வரைவது நிற்காது?" என்று கேட்டான். அவன் முன் மூன்று வழிகள் இருந்தன. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, மாதம் 15,000 ரூபாய். திருபுவனத்தில் பட்டுச்சேலை உற்பத்தி செய்யும் ஒருவரிடம் டிசைனர் வேலை, மாதம் 20,000 ரூபாய். மூன்றாவது, எந்த வேலைக்கும் போகாமல் சென்னையில் அறை எடுத்து முழுநேர ஓவியனாக இருப்பது. அதற்காக நிலத்தை ஒத்திக்கு வைத்து 4 லட்சம் தருவதாக அவன் அப்பா சொல்லியிருந்தார்.

சொந்தக்காரர்கள் இந்த மூன்றையும் சம்பளத்தை வைத்து எடைபோட்டார்கள். கல்லூரி நண்பர்களோ எதில் சமரசம் இல்லை என்பதை மட்டும் பார்த்து, சென்னையைத் தவிர மற்ற இரண்டும் கலையைக் கைகழுவுவது என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். இரு தரப்புக் கணக்கிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிழைப்புக்காகச் செய்யும் வேலை ஓவியனிடமிருந்து நேரத்தை எடுக்கிறதா, கையை எடுக்கிறதா, கண்ணை எடுக்கிறதா? அது எடுத்ததுபோக மிஞ்சுவதை வைத்துக்கொண்டுதான் அவன் வரைய வேண்டும். இந்தக் கேள்வியோடு மூன்றையும் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தை முப்பத்தோரு ஆண்டுகள் உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் அதிலிருந்தே தொடங்குவது நியாயம்.

ஓவியத்துக்கான அரசுத் தேர்வுகளான லோயர், ஹையர் இரண்டும் எழுதி, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தவன் நான். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் இருந்ததால் பழைய ஓய்வூதியம் வருகிறது. வீடு கட்டினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன், யாரிடமும் கைநீட்டவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில், இது நான் வரைந்தது என்று எடுத்துக்காட்டக்கூடியதாக முடித்த படங்கள் பதினொன்றுதான். நேரமில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்; மாலை நாலரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன், கோடை விடுமுறையும் உண்டு. நடந்தது வேறு. ஆறாம் வகுப்புக்கு மாங்காய், ஏழாம் வகுப்புக்குப் பூச்சாடி, எட்டாம் வகுப்புக்குப் பொங்கல் பானை. வகுப்புக்கு நாற்பது நோட்டு, நாற்பது மாங்காயிலும் காம்பு உட்காரும் இடத்தை நான் திருத்த வேண்டும். வீட்டுக்கு வந்து பென்சிலைத் தொட்டால் கை தானாக அந்த மாங்காயின் வளைவையே போடும். ஒரு தெருவை வரைய உட்கார்ந்து, அதன் திருப்பத்தில் மாங்காய் வளைவு வந்துவிட்டதைக் கண்டு தாளைக் கிழித்த மாலைகள் பல. (ஓவிய பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்டு வாங்கிப்போவது தனிக்கதை, அந்தக் கடன் ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பீரியடுகளில்தான் என் கை ஓய்ந்திருந்தது.)

இத்தனையும் கொடுத்து நான் வாங்கியது நிரந்தரம். இன்றைக்குப் பள்ளிக்கூடம் அதைத் தருவதாக இல்லை. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024இல், அந்த ஊதியம் 12,500 ரூபாயை எட்டியது. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களுக்குக் கணக்கில்லை. தனியார் பள்ளி இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரும். ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை, வரவேற்பறைக்குச் சுவர்ப்படம், ஒவ்வொரு ஆசிரியருக்கும் சார்ட் என்று கையை முழுசாக வாங்கிக்கொண்டுதான் தரும். கையையும் கேட்டு, நிலைத்த வருமானமும் தராத வேலையை எதற்காகத் தேர்ந்தெடுப்பது?

கற்பிப்பதே கலைக்குப் பகை என்று நான் சொல்லவில்லை. 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தார். தனபால், சந்தானராஜ், முனுசாமி என்று அந்த வளாகத்தில் பாடம் நடத்திய பெரியவர்கள் எல்லோரும் வரைந்துகொண்டேதான் நடத்தினார்கள். அங்கே மாணவன் ஓவியனாகவே வந்தவன். ஆசிரியரின் பட்டறையும் வகுப்பறையும் ஒன்று. என் அக்காள் மகனுக்கு வந்திருப்பது அந்த வேலை அன்று.

இனி சென்னை. 4 லட்சத்தை இருபத்து நான்கு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம் வரும். அறை வாடகை, சாப்பாடு, வண்ணம், கேன்வாஸ், சட்டம் போடும் கூலி எல்லாம் அதற்குள். படம் விற்றாலும், விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை காட்சியகத்துக்குப் போவது வழக்கம். நான் பயப்படுவது பட்டினிக்கு இல்லை. இருபத்திரண்டு வயதில் பட்டினியைத் தாங்க முடியும். பத்தாவது மாதத்தில் தொடங்கும் ஒரு சின்ன மாற்றத்துக்குத்தான் பயப்படுகிறேன். அவன் கொண்டுவந்த இரண்டு கேன்வாஸ்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்: வற்றிய காவிரி மணலில் தனியாக நிற்கும் தண்ணீர் லாரி, முழுக்கச் சாம்பல் நிறம், லாரியின் அடியில் ஒழுகி நனைந்த ஒரு கை அகல மணல் மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் புதுமனைப் புகுவிழாவுக்கு அந்தப் படத்தை யாரும் வாங்க மாட்டார்கள். புத்தர் முகத்தையும் பிள்ளையாரையும் கபாலீசுவரர் தெப்பக்குளத்தையும் வாங்குவார்கள். வாடகை கட்ட ஒரு பிள்ளையார், மின்கட்டணத்துக்கு ஒரு புத்தர் என்று ஆரம்பித்தால், லாரியின் அடியில் ஈரத்தைக் கண்ட கண் மெல்ல வேறு இடத்தில் பழகிவிடும். பள்ளிக்கூடம் கையை எடுத்துக்கொள்ளும். படத்தை விற்றே சாப்பிட வேண்டிய வாழ்க்கை கண்ணை எடுத்துக்கொள்ளும். நண்பர்கள் தூய்மை என்று பார்த்த வழியில்தான் சமரசம் மிக ஆழமாக இறங்கும் என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறாக நிற்கும் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதினார், பிறகு கோவில்பட்டியில் நிலைகொண்டு காலண்டருக்குச் சாமி படம் வரைந்தார். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் மளிகைக்கடை, துணிக்கடை பெயர் தாங்கி, மேலே தகரப் பட்டையோடு தமிழ்நாட்டு வீடுகளில் ஆணியில் தொங்கின. வருடம் முடிந்தாலும் அந்தப் படத்தைக் குப்பையில் போட மனம் வராமல், தேதியைக் கிழித்துவிட்டுச் சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் வெற்றிக்கு அளவு என்றால், சென்னையின் எந்தக் காட்சியகத்து ஓவியரும் அவர் பக்கத்தில் வர முடியாது. கலை விமரிசகர்களோ நெடுங்காலம் அதைக் கலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பணம் என்று பார்த்தால், லட்சக்கணக்கில் அச்சாகி ஓடும் தொழிலில் பெரும்பங்கு ஓவியனின் கைக்கு வருவதில்லை. அவர் மணம் செய்துகொள்ளாமல் சீடர்களோடு எளிமையாக வாழ்ந்து முடித்தார். சந்தைக்கே வரைந்தும் அவருடைய கண் பறிபோகவில்லை; காரணம், அவர் வரைய விரும்பிய தெய்வங்களைத்தான் சனங்களும் கேட்டார்கள். ஓவியனின் விருப்பமும் சனங்களின் தேவையும் அப்படி ஒத்துப்போவது ஒரு கொடுப்பினை. தண்ணீர் லாரி வரைகிறவனுக்கு அது கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு நிலத்தை ஒத்தி வைக்க முடியாது.

செல்வம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காள் வீட்டுக்காரர் சொன்னதற்கு ரவிவர்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அரண்மனைகள் அழைத்து வரையச் சொன்ன அவர் 1894இல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் வைத்தார். சில ஆண்டுகளிலேயே கடன் ஏறி, 1901இல் அதை ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் விற்க நேர்ந்தது. படத்தால் வந்த பணத்தைக் காப்பதற்கு வேறொரு திறமை வேண்டியிருக்கிறது.

ஆக, படத்தை விற்காமல், ஆனால் ஓவியனாகவே சம்பாதிக்க முடியுமா? சென்னையில் இதற்கு ஒரு விடை 1966இலேயே கிடைத்தது. அப்போது சென்னைக் கலைக்கல்லூரி (அந்தப் பழைய கலைப்பள்ளிதான்) முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 1936இல்தான் கலைப்பள்ளியில் சேர்ந்தவர். பணமில்லாத ஓவியன் என்ன ஆவான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டம் வாங்கிய மாணவர்கள் தூரிகையை மூட்டைகட்டிவிட்டுக் குமாஸ்தா வேலைக்குப் போவதைப் பார்த்து, அவர்களைக் கைவினைப் பொருள்கள் செய்யவைத்தார். முக்கியமாக பாட்டிக். உருக்கிய மெழுகைத் துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் பூசி, துணியைச் சாயத்தில் முக்கி, உலர்த்தி, பிறகு கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். மெழுகு எங்கெல்லாம் விரிசல்விட்டதோ அங்கெல்லாம் சாயம் மெல்லிய நரம்பாக ஊடுருவியிருக்கும். இரண்டு துணியில் ஒரே விரிசல் விழாது. அந்தத் துணிகளை விற்ற காசில்தான் மாமல்லபுரம் போகும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது இப்படித்தான். பகலில் சில மணி நேரம் பாட்டிக்கோ தோல் வேலையோ செய்தால் சோறு வந்தது. மீதி நேரத்தில் வரைந்த படம் யாருக்கும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்தது. பொருளைச் செவிலித்தாய் என்று சொல்லும் மரபு நம்முடையது: பெற்றவள் ஒருத்தி, பாலூட்டி வளர்ப்பவள் இன்னொருத்தி. பாட்டிக் அங்கே செவிலியாக இருந்தது. அவளையே பெற்றவளாக்கவும் இல்லை, வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை என்பதில்தான் பணிக்கரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அந்தக் கிராமமும் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. மசியால் கோட்டைகளையும் விசித்திரப் பிராணிகளையும் கொண்ட கனவு நகரங்களை வரைந்த கே. ராமானுஜம் அங்கே வாழ்ந்தவர். 1973இல், முப்பது வயதை ஒட்டி, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நிலமும் கூரையும் சோறும் தோழர்களும் இருந்தும் ஒருவனுக்குள் நடப்பதை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாமல் போகலாம். வாழ்க்கை ஏற்பாட்டைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இன்று புதிதாக ஒரு சோழமண்டலத்தில் சேர என் அக்காள் மகனுக்கு வழியில்லை. ஆனால் திருபுவனத்து வேலையை அவன் சொல்லக் கேட்டபோது அது அதன் சாயலில் இருப்பதாகப் பட்டது. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசிறி மடிப்பாக மடித்து வைக்கும் அந்தச் சேலையைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அங்கே டிசைனரின் வேலை கிராப் தாளில் தொடங்குகிறது. ஒரு சதுரம் என்பது நெடுக்கே ஓடும் ஒரு பாவிழையைக் குறுக்கே ஓடும் ஒரு ஊடையிழை கடக்கும் இடம். பென்சிலில் வளைவாகப் போட்ட அன்னத்தின் கழுத்தைச் சதுரம் சதுரமாகப் படியிறக்க வேண்டும். ஒரு சதுரம் தவறினால் கழுத்தில் பல் விழும், அந்தப் பல், தறியில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளையாகி, சேலையின் கரை நெடுக ஆயிரம் முறை திரும்ப வரும். இப்போது இதையெல்லாம் கணினியில் செய்கிறார்கள்; ஆனாலும் முதலாளி அவனைச் சோதிக்கக் கையில் கொடுத்தது கிராப் தாளும் சிவப்புப் பென்சிலும்தான். சேலையில் போடும் மாங்காய் உருவமான ஒரு மாம்புட்டாவைப் படியிறக்க அவனுக்கு மூன்று மணி நேரம் பிடித்ததாம். சலிப்பாக இருந்ததா என்று கேட்டேன். "இல்லை மாமா, எண்ணிக்கொண்டே இருந்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை" என்றான். எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது. அந்த வேலை கையை அவன் படத்திலிருந்து வெகுதூரத்தில் வைத்திருக்கிறது. கட்டத்தை எண்ணும் கை மாலையில் மணலையும் லாரியையும் வரைய வந்தால் எதையும் மறக்க வேண்டியிருக்காது. மாங்காய்தான் அங்கேயும், ஆனால் என் மாங்காய் போல அது விரலில் ஒட்டிக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் சேலைகளுக்கும் துணிகளுக்கும் வடிவமைப்புச் செய்யும் பணியில் நெடுங்காலம் இருந்தார். ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அந்த மையத்தில் இருந்தவர்தான். காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் போட்ட கோட்டோவியங்களில் ஒரு இழைகூட நெசவுக்கூடத்தை நினைவூட்டாது. பிற்காலத்து அகன்ற வண்ணப் பரப்புகளில் மட்டும் சாயப்பட்டறையின் வாசம் இருப்பதாக எனக்கு ஒரு பிரமை. இன்னும் நல்ல உதாரணம் எஸ். ராஜம் (1919–2010). ராய் சௌத்ரியிடம் ஓவியம் கற்ற அவருக்குச் சம்பளம் வந்தது சென்னை வானொலியில் இசைப் பிரிவுப் பணியிலிருந்து. நாளெல்லாம் காதும் தொண்டையும் உழைத்தன. மயிலாப்பூர் நடுத்தெரு வீட்டில் தாளை நீரில் நனைத்து நனைத்து அஜந்தாச் சாயலில் அவர் வரையும்போது கண்ணும் கையும் களைப்பறியாமல் இருந்தன. சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் மனத்தில் எழும் முகங்கள் அவர் வரைந்தவை. தியாகராசர் படத்தைச் சபாவில் பார்த்து வணங்குகிறவர்களில் அதை வரைந்தவர் பெயர் அறிந்தவர்கள் குறைவு. அது அவருடைய தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நான் திருபுவனம் என்று சொன்னேன். சொன்னதோடு சில கெடுபிடிகளையும் சேர்த்தேன். முதலாவது, மாதம் எவ்வளவு இருந்தால் போதும் என்று அவன் ஒரு தொகையை எழுதிவைத்து, அதற்குமேல் வரும் சம்பள உயர்வுக்காக ஞாயிற்றுக்கிழமையை விற்கக்கூடாது. முகூர்த்த மாதங்களில் முதலாளி கூடுதல் வேலை கேட்பார், கூடுதல் பணமும் தருவார். தை பிறந்துவிட்டால் மறுப்பது எளிதாக இருக்காது. இரண்டாவது, சேலைக்குப் போடும் அன்னத்தையும் மயிலையும் மட்டமாக நினைக்கக்கூடாது. அந்தக் கழுத்தைச் சரியாகப் படியிறக்குகிறவனை நம்பித்தான் தறியில் ஒருவர் பதினைந்து நாள் உட்காருகிறார். மூன்றாவது, மூன்று வருடம் கழித்து லாரியை வரைந்த கண் இன்னும் இருக்கிறதா என்று என்னிடம் படத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்தக் கண் இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகட்டும். அதற்குள் ஒத்தி வைக்காத நிலமும் கொஞ்சம் சேமிப்பும் கையில் இருக்கும். என் தீர்ப்பில் ஒரு கோளாறு இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்: பதினொரு படம் வரைந்தவன், பயத்தினால் பாதுகாப்பான வழியைக் காட்டுகிறானோ என்று அவன் நண்பர்கள் கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "காலையில் எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம் என்று கேட்க மறந்துவிட்டேன், மாமா" என்றான். அவன் வரைவது விடியற்காலை நான்கிலிருந்து எட்டு வரை. உடனே போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். பத்து மணிக்கு வந்தால் போதும் என்றார்களாம். கேன்வாஸ்களைச் சுருட்டிக்கொண்டு அவன் எழுந்தபோது, லாரிப் படத்தை மட்டும் சில நாள் என்னிடம் விட்டுப்போகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.